கண்டிக்கு மதில் இல்லை: பலனக் காவல்மலையும் முட்கதவுகளும்

யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று நமது கரையோர நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டை இருக்கிறது. போர்க்காலத்தில் அந்தக் கோட்டைகளின் பெயர்களை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்ததைவிடச் செய்திகளில் கேட்டதே அதிகம். அதனால் வடக்கு கிழக்கிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “இங்கே கோட்டை எது?” என்பதைத்தான். பலர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. தலதா மாளிகையின் முன்பக்கத்தில், அகழிக்கு மேலே எண்கோண வடிவில் நிற்கும் கட்டடத்தைக் காட்டி, “இதுதானே காவற்கோபுரம்” என்று தாங்களே முடிவுசெய்துவிடுகிறார்கள்.

அது காவற்கோபுரம் அல்ல. பத்திரிப்புவ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அந்த எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன். 1798இல் அரியணை ஏறிய கண்ணுசாமி என்ற நாயக்க இளைஞன்தான் அவன். மண்டபம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அரசன் மக்களுக்குக் காட்சி தருவதற்கும் விழாக்களைப் பார்ப்பதற்குமே அது பயன்பட்டது. இன்று அதற்குள் ஏட்டுச்சுவடி நூலகம் இருக்கிறது. அகழிச் சுவரில் வரிசையாகத் தெரியும் முக்கோணத் துவாரங்களைத் துப்பாக்கி நீட்டும் துளைகள் என்று நினைப்பவர்களும் உண்டு. அவை விளக்கு வைக்கும் மாடங்கள். பெருவிழா நாட்களில் எண்ணெய் விளக்குகளை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. அகழியும் வாவியும் அலை வடிவச் சுவர்களுமாக அரசன் இங்கே கட்டியதெல்லாம் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த இடத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் 1998 ஜனவரி 25ஐத் தாண்டிப் போய்விட முடியாது. சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டு விழா கண்டியில் நடக்கவிருந்த நாட்களில், விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய பாரவண்டியை மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். பொதுமக்கள் இறந்தார்கள். மாளிகையின் முகப்பும் எண்கோண மண்டபமும் சேதமடைந்தன. சாந்து உதிர்ந்த சுவர்களின் உட்பக்கத்தில் பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. அதன் பிறகு மாளிகைக்கு முன்னால் உள்ள வீதியில் வாகனங்கள் போவதில்லை. உள்ளே போகிறவர் உடற்சோதனைக்கு உட்பட வேண்டும். ஒரு வகையில் பார்த்தால், அரசர் காலத்தில் இல்லாத அரண் இந்த இடத்துக்கு வந்தது 1998க்குப் பிறகுதான்.

அப்படியானால் அரசர் காலத்துக் கண்டி எதை நம்பி இருந்தது? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த ஏறக்குறைய 220 ஆண்டுகள், மதிலே இல்லாத ஒரு மலைநகரம் தனி அரசாக எப்படி நின்றது? விடையைத் தேட நகரத்தை விட்டு மேற்கே, கடுகண்ணாவைப் பக்கம் போக வேண்டும்.

கொழும்பிலிருந்து வரும் வீதி மாவனல்லையைத் தாண்டியதும் திடீரென ஏறத் தொடங்குகிறது. தாழ்நாடு முடிந்து மலைநாடு தொடங்கும் விளிம்பு அது. கடுகண்ணாவைக் கணவாய் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த விளிம்பின் மேல்தான் பலன இருக்கிறது. சிங்களத்தில் ‘பலனவா’ என்றால் பார்ப்பது. ஊரின் பெயரே அதன் வேலை. மேற்கே படலேகலக் குன்றும் பக்கத்தில் அலகல்ல மலையும் தெரிய, நடுவில் தாழ்நாடு விரிந்து கிடக்கிறது. கீழே ஒரு படை நடந்து வந்தால், அது ஏறத் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே மேலே உள்ளவனுக்குத் தெரிந்துவிடும். கண்டி அரசின் முதன்மையான காவலரண் இதுதான். இன்று அங்கே எஞ்சியிருப்பவை கற்சுவர்களின் அடித்தளங்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய வீட்டின் அத்திவாரம் போலத்தான் தோன்றும். ஆனால் இங்கே அரண் என்பது சுவர் அல்ல. செங்குத்தான சரிவும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய காட்டுப் பாதையும், மேலே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளும் சேர்ந்ததுதான் அரண்.

பலன ஒருபோதும் விழவில்லை என்று சொல்வது பிழை. பலமுறை விழுந்தது. 1594இல் பேதுரு லோப்பஸ் டி சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி பெரும் படையோடு மலையேறி, அதிகச் சிரமமில்லாமல் கண்டிக்குள் நுழைந்தான். கண்டி அரச மரபில் வந்து போர்த்துக்கேயரிடம் வளர்ந்த தோனா கத்தரினா என்ற இளம்பெண்ணை அரியணையில் ஏற்றுவதே திட்டம். ஊர் அவர்களோடு ஒத்துழைக்கவில்லை. உணவு தேடப் போனவர்கள் திரும்பவில்லை. தங்களோடு வந்த உள்ளூர்ப் படையின் தலைவன் ஜயவீரன் துரோகி என்று நம்பவைக்கும் கடிதம் ஒன்று அவர்கள் கையில் விழுந்தது. அவனை அவர்களே கொன்றார்கள். அவனுடைய ஆட்கள் இரவோடு இரவாக விலகிப் போனார்கள். மிஞ்சியவர்கள் பலனக் கணவாயை அடைந்து தாழ்நாட்டுக்கு இறங்கிவிடலாம் என்று ஓடினார்கள். பலன வரை போய்ச் சேரவே இல்லை. ஒக்டோபர் மாதத்தில் தந்துரையில் வைத்துச் சுற்றிவளைக்கப்பட்டார்கள். தளபதி மாண்டான். கொனப்பு பண்டாரன் விமலதர்மசூரியன் என்ற பெயரோடு கண்டியின் அசைக்க முடியாத அரசனானான். தோனா கத்தரினா அவனுக்கு அரசியானாள். அவளுடைய விருப்பத்தை எந்தத் தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

1602-1603இல் ஜெரோனிமோ டி அசெவேடோ வந்தான். கடுமையாகப் போரிட்டுப் பலனையைப் பிடித்தும்விட்டான். பிடித்த கையோடு அவனுடைய உள்ளூர்ப் படையாட்கள் கிளர்ந்து விலகினார்கள். பிடித்த அரணை விட்டுவிட்டு, வழி முழுவதும் அடிவாங்கிக்கொண்டே மல்வானைக்குத் திரும்பினான். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையிலும் அதே கதைதான். தியோகோ டி மெலோ கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அதைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், இரண்டாம் ராஜசிங்கனின் படை மகாவலிக் கரையில் வைத்து வழியை அடைத்தது. உயிரோடு பிடிபட்ட போர்த்துக்கேயர் 33 பேர் மட்டுமே என்று சொல்லப்படுகிறது. போர்த்துக்கேயர் கண்டியோடு மோதிய கடைசிப் பெரும்போர் அது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கண்டியின் போர்முறை விளங்கும். உள்ளே வருவதை அவர்கள் பெரிதாகத் தடுக்கவில்லை. திரும்பிப் போவதைத்தான் தடுத்தார்கள். பலன என்ற கண்ணின் வேலை, எதிரி எப்போது வருகிறான், எத்தனை பேர், எந்த வழி என்று சொல்வது. அந்த அவகாசத்தில் நகரம் காலியாகிவிடும். அரசன் தந்தத் தாதுவையும் எடுத்துக்கொண்டு மேலும் உள்ளே, துன்பறை, ஊவாப் பக்கக் காடுகளுக்குப் போய்விடுவான்.

இராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் இந்த உத்தியைப் புகழ்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியை முழுதாக ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. “நகரம் காலியானது” என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள், எத்தனை நோயாளிகள், விளைந்தும் வெட்டாத எத்தனை வயல்கள் இருந்தன என்று அந்த நூல்கள் சொல்வதில்லை. 1611இல் அசெவேடோ எரித்தான். 1638இல் எரிந்தது. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையோடு நுழைந்தபோது கீர்த்தி சிறீ ராஜசிங்கன் ஏற்கெனவே போய்விட்டான். நகரமும் அரண்மனையும் சூறையாடப்பட்டன. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தபோதும் ஆட்களில்லாத நகரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்: மூட்டை கட்டுவது, காட்டுக்குப் போவது, திரும்பி வந்து சாம்பலைக் கூட்டிவிட்டு மறுபடி கூரை போடுவது. பலனக் காவலனின் எச்சரிக்கை அரசனுக்கு ஓர் உத்தி. ஊர்மக்களுக்கு அது இடம்பெயர்வு. வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1803இன் முடிவும் இங்கே சொல்லப்பட வேண்டும். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற நாயக்க இளவரசனைத் தங்கள் அரசனாகக் கண்டியில் அமர்த்திவிட்டு, ஒரு காவற்படையை மட்டும் விட்டுப் போனார்கள். காய்ச்சலும் பட்டினியும் அந்தப் படையைத் தின்றன. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தான். வட்டாபுளுவையில் மகாவலியைக் கடக்க முடியாமல் நின்றபோது முத்துசாமியைக் கையளிக்கும்படி கேட்டார்கள், கையளித்தான். முத்துசாமி கொல்லப்பட்டான். பிறகு, சரணடைந்த படையினர் கொல்லப்பட்டார்கள். நகரத்தில் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். சுவரில்லாத கோட்டை வென்ற போர்களில் இதுவும் ஒன்றாகவே கணக்கிடப்படுகிறது.

பலன கண் என்றால், அதற்கு உள்ளே கைகள் இருந்தன. அவைதான் முட்கதவுகள். ஒவ்வொரு பாதையிலும், ஊருக்குள் நுழையும் இடத்தில், முட்கிளைகளை நெருக்கிக் கட்டிய கதவு ஒன்று நின்றது. பகலில் தூக்கி வைப்பார்கள், இரவில் இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் காவலர் இருப்பார்கள். கடவத்த என்று சிங்களத்தில் இதற்குப் பெயர். நமது ‘கடவை’ என்ற சொல் இதன் பக்கத்தில் தானாகவே வந்து நிற்கிறது. கொழும்பு–கண்டி வீதியில் இன்றும் கடவத்தை என்ற ஊர் இருக்கிறது.

இந்தக் கதவுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவன் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி. அவனை நாமும் உறவுகொண்டாடலாம். 1660இல் அவன் பிடிபட்டது மூதூரில், கொட்டியாரக் குடாவில். தகப்பனோடும் கப்பலாட்களோடும் கண்டி நாட்டுக்குள் கொண்டுபோகப்பட்டான். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தான். சிறைக்கூடம் எதுவும் கிடையாது. தொப்பி பின்னி விற்றான், கோழி வளர்த்தான், வீடு கட்டினான். வெளியே போக மட்டும் முடியாது. அவன் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூல் அக்காலக் கண்டியைப் பற்றிய மிக நுணுக்கமான சாட்சியம்.

நொக்ஸ் சொல்லும் அனுமதிமுறை இது: அரசன் இருக்கும் நகரத்திலிருந்து புறப்படுகிறவன் களிமண்ணில் பதித்த முத்திரை ஒன்றைக் கையில் கொண்டுபோக வேண்டும். முத்திரையில் உருவம் இருக்கும். படைவீரனுக்கு ஈட்டியைத் தோளில் வைத்த மனிதன். கூலியாளுக்குக் காவடியின் இரு முனையிலும் பைகளைத் தொங்கவிட்ட மனிதன். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியுமாக ஒரு மனிதன். கூட்டமாகப் போனால் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள் களிமண்ணில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத காவலனும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ளும் ஏற்பாடு. நொக்ஸ் இன்னொன்றையும் கவனித்திருக்கிறான். உள்ளே வருகிறவர்களை அவ்வளவாக விசாரிக்க மாட்டார்களாம். வெளியே போகிறவர்களைத்தான், என்ன கொண்டுபோகிறார்கள் என்று துருவித் துருவிப் பார்ப்பார்களாம்.

இதைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். வன்னியிலிருந்து வெளியேற ஒரு பாஸ், ஓமந்தை தாண்டினால் வவுனியாவில் தங்க ஒரு பாஸ், அங்கிருந்து கொழும்புக்குப் போக இன்னொன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், என்ன உறவு, எத்தனை நாள். ஒரு பக்கத்தார் ஆளை வெளியே விடப் பிணை கேட்டார்கள். மறுபக்கத்தார் உள்ளே விடச் சந்தேகப்பட்டார்கள். களிமண் கடதாசியானது தவிர வேறு மாற்றம் அதிகமில்லை. எதிரியைத் தடுக்கப் போட்ட கதவு முதலில் தடுப்பது சொந்த ஆட்களைத்தான். கண்டியின் அரணைப் பற்றிப் பெருமையாக எழுதும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நொக்ஸ் தப்பியதும் கதவில்லாத வழியால்தான். வியாபாரி வேடத்தில், ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு வடக்கே அனுராதபுரம் வரை வந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்துக் காட்டோடு நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். பிடிபட்டது மூதூர், விடுபட்டது அரிப்பு. இரண்டும் நமது வாசகர்கள் அறிந்த மண்.

இவ்வளவு கண்காணிப்பும் 1815இல் பயன்படவில்லை. எகலப்பொலை உள்ளிட்ட பிரதானிகளுக்கும் அரசனுக்கும் இடையில் வெறுப்பு முற்றியிருந்தது. வாவி வெட்டவும் மாளிகை எழுப்பவும் வாங்கிய ஊழியம், கொடிய தண்டனைகள், நாயக்க உறவினரின் செல்வாக்கு என்று காரணங்கள் பல. ஜோன் டொய்லி என்ற ஆங்கில அதிகாரி, சிங்களம் நன்றாகக் கற்றவன், அந்த வெறுப்பைப் பொறுமையாகச் சேகரித்துக்கொண்டிருந்தான். பெப்ரவரியில் படைகள் பல வழிகளால் ஏறின. பெரிய எதிர்ப்பு இல்லை. அரசன் வழக்கம்போல் துன்பறைப் பக்கம் ஒதுங்கினான். இந்தமுறை அவனை ஒளித்து வைக்க ஊர் இல்லை. 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கத்தில் பிடிபட்டான். வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

மார்ச் 2இல் கண்டி அரசவை மண்டபத்தில் கைச்சாத்தான உடன்படிக்கையில், சில பிரதானிகளின் கையொப்பங்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் இருப்பது நம்மவர் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் தகவல். எனக்கு அதைவிட அந்த உடன்படிக்கையின் 2ஆம், 3ஆம் பிரிவுகளே முக்கியமாகப் படுகின்றன. ‘மலபார்’ இனத்தாருக்குக் கண்டி அரசில் உள்ள உரிமை முற்றாக இல்லாமற் செய்யப்படுகிறது என்கிறது 2ஆம் பிரிவு. ஆங்கிலேய ஆவணங்களில் மலபார் என்றால் தமிழர். அரசனின் ஆண் உறவினர் அனைவரும் எதிரிகள், எழுத்து மூல அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரவும் அதே அனுமதி வேண்டும். மீறினால் இராணுவச் சட்டத்தின் கீழ்த் தண்டனை என்கிறது 3ஆம் பிரிவு. முட்கதவு போய்விட்டது, முத்திரை போய்விட்டது. அனுமதிச் சீட்டு மட்டும் புதிய எசமானர்களிடம் கைமாறியது. அரசனின் உறவினர் வாழ்ந்த தெரு இன்றும் கண்டியில் மலபார் வீதி என்ற பெயரோடு இருக்கிறது.

அந்தத் தடை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. தளர்த்தியது இரக்கம் அல்ல, கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கம் தோட்டங்கள் தொடங்கியதும் அதே ஆங்கிலேயர் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை அழைத்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வன்னிக்கு இடம்பெயர்ந்ததும், அங்கே மறுபடி எல்லாவற்றையும் இழந்ததும் இந்தத் தளத்தின் வாசகர்களில் பலருக்குச் சொந்தக் குடும்பக் கதை.

பலனையின் காலத்தை முடித்துவைத்தது வீதி. தேசாதிபதி பார்ன்ஸின் ஆட்சியில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பீரங்கி வண்டி ஏறக்கூடிய வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி எடுத்தார்கள். மலையைத் துளைத்து வருகிறவனுக்கே கண்டி அடிபணியும் என்று முன்னரே ஒரு வாக்கு இருந்ததாக ஊரில் சொல்வார்கள். வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருடைய நினைவாக 1832இல் நூறடிக்கும் மேல் உயரமான கோபுரம் ஒன்று கடுகண்ணாவையில் எழுப்பப்பட்டது. கண்டியைச் சுற்றி ‘பழைய கோபுரம்’ என்று கண்ணுக்குத் தெரிவது இதுதான். கண்டியின் அரணைப் பயனற்றதாக்கிய வீதிக்கு எடுத்த நினைவுச்சின்னம் அது. 1867இல் புகையிரதமும் கண்டிக்கு வந்துவிட்டது.

அந்தப் பாதையில் கடுகண்ணாவைக்குக் கீழே பலன என்ற பெயரிலேயே சிறு நிலையம் உண்டு. கடுகதி ரயில்கள் அங்கே நிற்பதில்லை. ரம்புக்கனைக்கும் கண்டிக்கும் இடையில் எல்லா நிலையங்களிலும் நின்று போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். கடுகண்ணாவையில் இறங்கி முச்சக்கரவண்டியில் போவது இலகு. மழைக்காலத்தில் போகாதீர்கள், பாதை வழுக்கும், அட்டைத் தொல்லையும் உண்டு. மேலே ஏறியதும் எல்லாரும் மேற்கே, படலேகலப் பக்கம் பார்த்துப் படம் எடுப்பார்கள். படை வந்த பக்கம் அது. திரும்பிக் கிழக்கேயும் பாருங்கள். தந்துரை அந்தப் பக்கம், அதற்கு அப்பால் கன்னொறுவை. திரும்பிப் போக நினைத்தவர்கள் நின்றுபோன இடங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.